கடைசி எண் மட்டும் மாறியது

புனே,
16-3-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஸுதர்சன் தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். பள்ளிக்கூடத்துப் பெண்களைக் கணக்கில் பாஸ் பண்ண வைக்கும் மும்முரத்தில் நீ தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இனிமேல் நம் 'பொழுது' பஞ்சாங்க மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் என்னென்ன மாறியது என்று நீ மாற்றக் குறிப்பு எழுத வேண்டாம். அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், தானே ஓடும் குட்டி நிரல், எழுதிவிட்டேன். யார் எதைத் திருத்தினாலும் திருத்தத்தோடு ஒரு வரி எழுதி வைக்கிறார்கள் இல்லையா, அந்த வரிகளையெல்லாம் திரட்டி அதுவே குறிப்பாக்கிவிடும். புள்ளி வைத்து மூன்று எண்களாக இருக்கிறதே, அந்த வெளியீட்டு எண்ணையும் அதுவே போடும். வரியில் 'சிறு திருத்தம்' என்று இருந்தால் கடைசி எண் ஒன்று கூடும். 'புது வசதி' என்றால் நடு எண். பழைய விடைகள் மாறும் என்று யாராவது எழுதியிருந்தால்தான் முதல் எண். முதல் எண் மாறாதவரை ஒருவரும் எதையும் படிக்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு புதியதைப் போட்டுக்கொள்ளலாம். என் கணினி என்னைக் கேட்காமல் தானே போட்டுக்கொள்கிறது.

அப்பா கையால் போடும் பஞ்சாங்கக் கணக்கை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து நிரலாக்கியபோது, உறவுக்காரர்கள் நாலு பேர் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தோம். இப்போது முகம் தெரியாதவர்கள் எல்லாம் திருத்தங்கள் அனுப்புகிறார்கள். பெங்களூரில் சாமுவேல் என்று ஒருவர், கெட்டிக்காரர், வாரம் தவறாமல் அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் நீ இரண்டு பக்கம் எழுதி முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தால் ஆகுமா? போன தடவை உன் குறிப்பைப் படித்துவிட்டு, "உங்க அக்கா எழுதறது மாற்றக் குறிப்பா, கல்யாணப் பத்திரிகையா?" என்று சாமுவேல் கேட்டார். கோபித்துக்கொள்ளாதே, பிரியமாகத்தான் கேட்டார்.

உன் தம்பி,
ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்,
27-3-2003

சிரஞ்சீவி ஸுதர்சனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. பரீட்சை நடக்கிறது. தொண்டை தப்பித்தது, இனி விடைத்தாள் திருத்திக் கண் போக வேண்டியதுதான். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. வரதரைச் சேவிக்கப் போனால் பிராகாரத்தில் ஓடித்தான் வர வேண்டியிருக்கிறது.

ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட வேண்டும். பட்டாயிற்று. சாமுவேல் சொன்னதும் சரிதான். பத்திரிகை வைக்கும்போது யார் யாருக்கு என்று முகங்களை நினைத்துக்கொள்வோமே, நான் அப்படித்தான் எழுதினேன். பிள்ளையார்பாளையத்துப் பழனியை உனக்குத் தெரியும், நாலு தறி வைத்திருப்பவர். அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் அவருக்கு நாள் முன்கூட்டியே தெரிய வேண்டும். மாசியில் போன் பண்ணினார். "இன்னா டீச்சரம்மா, அமாவாசை ஒரு நாள் முன்னாடி காட்டுது? லீவு என்னைக்குனு தறிக்காரங்க கேட்டுக்கினே இருக்காங்கம்மா" என்றார். விசாரித்தால், அவர் பிள்ளை விளையாட்டாக ஊரை லண்டன் என்று மாற்றி வைத்திருக்கிறான். அதனால்தான் அடுத்த குறிப்பில், 'தறி வைத்திருப்பவர்கள் ஊர்ப் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதினேன். நிரலில் ஒருவரும் எதையும் திருத்தவில்லை. உன் ஸ்கிரிப்டாக இருந்தால் அந்த வரியே வந்திருக்காது.

சண்டைக்கு வரவில்லையடா. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். ஒரு திருத்தம் சின்னதா பெரியதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

உன் அக்கா,
மங்கை


புனே,
13-4-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தெண்டன். நாளைக்கு வருஷப் பிறப்பு, உன் கையால் மாங்காய்ப் பச்சடி இல்லாமல்.

நீ கேட்டது நல்ல கேள்வி, ஆனால் பதில் சுலபம். ஸ்கிரிப்டுக்கு எதுவும் தெரியாது. திருத்தியவருக்குத் தெரியும். தான் செய்தது சின்னது என்று அவர் எழுதினால் அது நம்பும். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் அக்கா. நீ நிம்மதியாக விடைத்தாள் திருத்து.

ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்,
7-9-2003

சிரஞ்சீவி ஸுதர்சனுக்கு,

ஆசீர்வாதம். நேற்று போனை நான்தான் வைத்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், நீ கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தாய்.

ஆவணி வளர்பிறை தசமி சனிக்கிழமை என்று நான் இருந்தேன். விடியும் முன்பே குளித்து, மடியாகத் தளிகை பண்ணி, நீ அங்கே புனேயில் பிண்டம் வைக்கிற நேரத்துக்கு நான் இங்கே காக்காய்க்கு வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டேன். அப்பா போனதிலிருந்து அப்படித்தானே செய்கிறோம். பொண்ணாகப் பிறந்தவளுக்கு அவ்வளவுதான் பாத்தியதை. சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, "நன்னா ஆச்சாடா?" என்று கேட்டேன். "நேத்திக்கே ஆயிடுத்தே அக்கா, நீ பண்ணலையா?" என்றாய்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். பெண்கள் வரிசையாக வந்து லட்டு ஊட்டினார்கள். நான் வகுப்புக்குள் நுழைகிற மாதிரி ஒருத்தி நடித்துக் காட்டினாள், வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ செய்ததுதான் சரியான நாள் என்றால், அப்பாவின் திதியன்று நான் லட்டு தின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் செய்ததுதான் சரி என்றால், அவருக்கு நீ வைத்தது போய்ச் சேரவில்லை. இதில் எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

போன இரண்டு வருஷமும் நாளைச் சொல்ல நான் கூப்பிட்டேன். இந்த வருஷம் உன்னிடம்தான் 'பொழுது' இருக்கிறதே என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, உனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கணினியில் இருப்பது 1.4.2. இங்கே இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருப்பதால் நான் மாற்றவில்லை. உன்னிடம் இருப்பது எது?

மங்கை


புனே,
15-9-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தெண்டன். என்னிடம் இருப்பது 1.4.3. கடைசி எண் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதனால் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே திதி பண்ணி வைக்கும் வாத்தியாரோ, "ஸ்வாமி, உம்ம சாஃப்ட்வேர் என்ன சொல்றதோ அன்னிக்கு வரேன்" என்பவர்.

தேடிப் பார்த்தேன். ஊரை மாற்றிப் போட்டும் பார்த்தேன், வித்தியாசம் அதனால் இல்லை. பகலை ஐந்து பங்காக்கி, நாலாவது பங்கில் தசமி எந்த நாளில் கூடுதலாக இருக்கிறதோ அந்த நாளில்தானே திதி. இந்த ஆவணியில் தசமி இரண்டு நாளும் அந்தப் பங்கில் கிட்டத்தட்டச் சமமாக விழுந்திருக்கிறது. அப்பா சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் முழு நிமிஷமாக்கிக்கொள்வார், நாமும் அப்படியே எழுதினோம். ஜூலையில் சாமுவேல் அதைப் பார்த்துவிட்டு, விநாடிவரை கணக்கிடும்படி மாற்றியிருக்கிறார். அவர் எழுதிய வரி: 'உதய நேரத்தை முழு நிமிடமாக்குவது நீக்கப்பட்டது. சிறு திருத்தம்.' ஸ்கிரிப்ட் அதை எடுத்துப் பட்டியலில் கடைசியில் போட்டுவிட்டது, எழுத்துரு மாற்றத்துக்குக் கீழே.

சாமுவேலைக் கேட்டேன். அரை நிமிஷத்தில் ஒரு திதி நகரும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. விளக்கினேன். "அப்போ உங்க அப்பாவுக்கு நீங்க செஞ்சது செல்லாதா சுதர்சன்?" என்றார். அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை அக்கா. என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்,
28-9-2003

சிரஞ்சீவி ஸுதர்சனுக்கு,

ஆசீர்வாதம். சாமுவேலை ஒன்றும் சொல்லாதே. அவர் செய்தது நியாயமான திருத்தம். என் வகுப்பில் ஒரு பெண் அப்படிச் செய்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

தெருவில் இருக்கிற இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்துவிட்டேன். ஒன்று வெள்ளி என்கிறது, இன்னொன்று சனி என்கிறது. கோயில் வாசலில் ஆதிகேசவன் ஸ்வாமியைக் கேட்டேன். "உங்காத்துல எது வழக்கமோ அது" என்றார். நம் ஆத்து வழக்கம் அப்பா போடுகிற கணக்கு. அப்படிப் பார்த்தால் சனிதான், நான் செய்ததுதான் சரி, விஷயம் முடிந்தது. ஆனால் எனக்கு அப்பாவைத் தெரியுமே. தன் கணக்கில் ஒருத்தர் பிசகு கண்டுபிடித்தால் அவருக்கு எவ்வளவு குஷி வரும்! 'முழு நிமிஷம் எதற்கு ஸ்வாமி, விநாடிவரை போடலாமே' என்று சாமுவேல் நேரில் வந்து சொல்லியிருந்தால், உட்கார வைத்துக் காபி கொடுத்து, அன்றைக்கே மாற்றிக்கொண்டிருப்பார். அப்போது வெள்ளிதான் அவர் நாள்.

அவரிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவர் திதியை அவரிடம் எப்படிக் கேட்பது?

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். வேளாவேளைக்குச் சாப்பிடு. குரல் இளைத்திருந்தது.

மங்கை


புனே,
18-1-2004

அன்புள்ள அக்காவுக்கு,

தெண்டன். பொங்கலுக்கு வர முடியாததற்கு மன்னித்துவிடு. நாலு மாதமாக இந்த ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதலில், திருத்தம் போடுகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்தேன்: 'இது யாரைப் பாதிக்கும்?' பதில் இல்லாமல் உள்ளே விடாது. ஒரே வாரத்தில் எல்லாரும் 'யாரையும் இல்லை' என்று எழுதப் பழகிவிட்டார்கள். ஒருவர் வெறும் புள்ளி வைக்கிறார். அதற்குப் புள்ளியும் பதில்தான்.

பிறகு, ஆட்களைக் கேட்காமல் கணக்கையே கேட்கலாம் என்று பார்த்தேன். பழையதையும் புதியதையும் நூறு வருஷத்துக்கு ஓட்டி, ஏதாவது ஒரு ஊரில் ஒரு திதி நகர்ந்தாலும் முதல் எண்ணைக் கூட்டச் சொன்னேன். எதைத் தொட்டாலும் எங்கேயோ எப்போதோ ஒரு திதி நகர்கிறது அக்கா. பொங்கலுக்குள் எண் ஆறுக்குப் போய்விட்டது. எல்லாமே எச்சரிக்கை என்றானதும் ஒருவரும் படிப்பதில்லை. அது எதை வேண்டுமானாலும் எண்ணுகிறது. அந்தத் தசமி ஒருவருக்கு வெறும் தசமி, இன்னொருவருக்கு அப்பா என்பதை எந்த இடத்தில் எழுதி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீயே மறுபடி எழுது. கல்யாணப் பத்திரிகை மாதிரியே எழுது. சாமுவேலும் இதையேதான் சொல்கிறார். இதுவரை நடந்த திருத்தங்களையெல்லாம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்,
8-2-2004

சிரஞ்சீவி ஸுதர்சனுக்கு,

ஆசீர்வாதம். நீ கூப்பிட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். உன் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் புரிந்தது. ஒரு வரிகூட எழுத வரவில்லை.

முன்பு குறிப்பின் அடியில் என் போன் எண் இருக்கும். உன் ஸ்கிரிப்ட் அதைப் போடுவதில்லை, அதற்கு எதற்கு என் எண்? அதனால் போன் வருவதில்லை. ஓரிக்கையில் ஒருவர் ஏகாதசிக்காகக் கூப்பிடுவார், வாலாஜாபாத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற அம்மா முகூர்த்த நாளுக்காகத் திட்டுவார். இன்னும் இதைத்தான் பார்க்கிறார்களா, எந்த எண்ணை வைத்திருக்கிறார்கள், எதுவும் இப்போது எனக்குத் தெரியாது. அவர்கள் கூப்பிட்டதால்தான் எனக்குத் தெரிந்தது, ஸுதர்சா. நானாக எதையும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

பழனியைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கேட்டேன். "அது இப்ப தானா மாறிக்குதும்மா. இன்னா மாறிச்சுனு யாரு பார்க்குறது? சங்கத்துல என்னைக்கு லீவு வுடுறாங்களோ நாமளும் அன்னைக்கே வுட்டுர்றோம்" என்றார். பிறகு, "நீங்க ஏம்மா இப்பல்லாம் எழுதறதில்ல? ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

எழுதச் சொல்லாதே. யாருக்கென்று தெரியாமல் எழுதினால் நானும் புள்ளிதான் வைப்பேன்.

மங்கை


புனே,
1-8-2004

அன்புள்ள அக்காவுக்கு,

தெண்டன். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடமிருந்து வெளியீடே இல்லை. சாமுவேலும் மற்றவர்களும் பிரதி எடுத்துக்கொண்டு தனியாக நடத்துகிறார்கள், சண்டை ஒன்றும் இல்லை. அவர்கள் எண் ஒன்பதுக்குப் போய்விட்டது. அவர்களைத் தடுக்க எனக்கு உரிமையும் இல்லை, காரணமும் இல்லை.

அப்பா திதி வருகிறது. இந்த வருஷமும் இழுபறி. அவர்களுடையது புதன்கிழமை, இருபத்தைந்து என்கிறது. நம் பழைய 1.4.2 வியாழக்கிழமை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாத்தியார் நாள் கேட்டு இரண்டு முறை போன் பண்ணிவிட்டார், எடுக்கவில்லை.

நீ சொல் அக்கா. முன்னே போல நீ ஒரு நாளைச் சொல், ஏன் என்று கேட்காமல் செய்கிறேன்.

ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்,
9-8-2004

சிரஞ்சீவி ஸுதர்சனுக்கு,

ஆசீர்வாதம். கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நான் சொன்னால் நீ செய்துவிடுவாய், உனக்கு நிம்மதி. எனக்குத்தான் அந்த நாள் வந்து போகிறவரைக்கும், அதற்குப் பிறகும், நெஞ்சில் கிடந்து அறுக்கும். தெரியாததைத் தெரிந்தது மாதிரி சொல்ல வாய் வரவில்லை, நீயாக இருந்தாலும்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமையும் தளிகை பண்ணுவேன், வியாழக்கிழமையும் பண்ணுவேன். இரண்டு நாளும் இலை போடுவேன். நான் பொண். சாஸ்திரம் எனக்கென்று எந்த நாளும் விதிக்கவில்லை, அதனால் என்னை ஒருவரும் எதற்கு இரண்டு என்று கேட்க மாட்டார்கள்.

உனக்கு அந்தச் சலுகை கிடையாது. நீ பிள்ளை. பிண்டம் ஒரு நாள்தான் வைக்கலாம். இரண்டில் ஒன்றை நீதான் சொல்லியாக வேண்டும், வாத்தியாரின் போனை எடுடா கண்ணா.

அக்கா,
மங்கை